இரண்டாவது முறை மட்டும் ஏன் இவ்வளவு வேகம்?

காலையில் கடையைத் திறந்ததும் பில் போடும் சாஃப்ட்வேர் வந்து நிற்க ஒரு நிமிடம் ஆகிறது. அதையே மூடிவிட்டு மறுபடி திறந்தால் சொடக்குப் போடும் நேரத்தில் வந்துவிடுகிறது. “ஹார்டு டிஸ்க் ஸ்லோ சார், எஸ்.எஸ்.டி போட்டுடலாம்” என்கிறார் சர்வீஸுக்கு வந்தவர். இருக்கலாம். ஆனால் பர்ஸைத் திறக்கும் முன், புரோகிராம் படித்த ஃபைல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவது நல்லது.

அஞ்சறைப் பெட்டியில் மிளகு இருந்தால் கை நீட்டி எடுத்துவிடலாம். இல்லையென்றால் கடைக்கு ஆள் அனுப்ப வேண்டும். லினக்ஸ் ஓடும் கம்ப்யூட்டரும் அப்படித்தான். டிஸ்க்கிலிருந்து ஒருமுறை படித்ததை, சும்மா கிடக்கும் ரேமில் போட்டு வைக்கும். இதற்குப் பெயர் பேஜ் கேஷ். (‘ரேம் நிறைஞ்சுபோச்சு’ என்று பலர் பதறுவது பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான். வேறு புரோகிராமுக்கு இடம் வேண்டுமென்றால் கேஷ் தானே ஒதுங்கிக்கொள்ளும்.)

ஒரு புரோகிராம் எந்த ஃபைலைத் திறக்கிறது, எவ்வளவு படிக்கிறது என்று பின்தொடர ‘ஸ்ட்ரேஸ்’ என்ற கருவி இருக்கிறது. புரோகிராம் கெர்னலிடம் கேட்பதையெல்லாம் வரிவரியாகக் காட்டும். ஆனால் அது சமையலறை வாசலில் நிற்கும் ஆள். ‘மிளகு கேட்டார், கொடுத்தார்கள்’ என்பதுவரைதான் தெரியும். பெட்டியிலிருந்தா, கடையிலிருந்தா? ஆன நேரத்தை வைத்து ஊகிக்கலாம். நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் ஹார்டு டிஸ்க், ஒரு சுற்று முடிக்கவே 8 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். கேஷில் இருக்கும் சின்னத் துண்டு சில மைக்ரோ செகண்டில் வந்துவிடும். எஸ்.எஸ்.டி-யில் இந்த இடைவெளி சுருங்கிவிடுவதால் ஊகமும் தடுமாறும். போதாக்குறைக்கு, ஃபைலை ரேமோடு நேரடியாக இணைத்துப் படிக்கும் ‘எம்-மேப்’ முறை என்றால், படிப்பது ஸ்ட்ரேஸ் கண்ணிலேயே படாது.

ஊகம் வேண்டாமென்றால், கெர்னலின் கணக்கு நோட்டையே பார்க்கலாம். ‘ப்ராக்’ ஃபோல்டரில், ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு புரோகிராமின் எண்ணுக்குக் கீழேயும் ‘ஐ.ஓ’ என்றொரு ஃபைல் இருக்கும். அதில் ‘ஆர்-கேர்’ என்ற வரி, புரோகிராம் கேட்டு வாங்கிய மொத்த பைட். ‘ரீட் பைட்ஸ்’ என்ற வரி, உண்மையில் டிஸ்க்கிலிருந்து வந்தது. முதல் எண் பெரிதாகவும் இரண்டாவது பூஜ்யமாகவும் இருந்தால் எல்லாம் கேஷ் கைங்கர்யம். சில சமயம் இரண்டாவது பெரிதாக இருக்கும். மிளகு வாங்கப் போனவர் சீரகத்தையும் வாங்கி வருவதுபோல, அடுத்து கேட்கப்போவதையும் கெர்னல் முன்கூட்டியே அள்ளி வந்திருக்கும். புரோகிராமை மூடிவிட்டால் இந்தக் கணக்கும் போய்விடும், ஓடும்போதே பார்க்க வேண்டும்.

முதல் முறை மட்டும் ‘ரீட் பைட்ஸ்’ எகிறி, அப்போது மட்டும் தாமதம் என்றால் எஸ்.எஸ்.டி உதவும். ஒவ்வொரு முறையும் எகிறினால், கேஷுக்கு ரேம் போதவில்லையா என்று பார்க்க வேண்டும். பூஜ்யமாக இருந்தும் ஆமை வேகம்தான் என்றால், டிஸ்க்கை மாற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை. கோளாறு வேறெங்கோ.

முதல் முறை வேகத்தைத் திரும்ப அளக்க, கேஷைக் காலி செய்ய வேண்டும். ‘ட்ராப் கேஷஸ்’ என்ற கெர்னல் வசதி அதற்குத்தான், அட்மின் அனுமதி தேவை. சேமித்த ஃபைல் எதுவும் அழியாது. ஆனால் அதன்பிறகு சற்று நேரம் மொத்த கம்ப்யூட்டரும் மந்தமாகும், எனவே கவுன்டரில் கூட்டம் நிற்கும்போது வேண்டாம்.