விசிறி ரெகுலேட்டர் லேத்துக்கு ஆகாது

போன மாதம் என் மர லேத்தின் மோட்டாரை எரித்துவிட்டேன். ஒரு ஹெச்.பி., சிங்கிள் ஃபேஸ், கெபாசிட்டர் ஸ்டார்ட். பதினெட்டு வருடம் உழைத்தது. அதன் மேல் குற்றமில்லை. "சார், இந்தக் குமிழைப் போட்டுக்குங்க, ஸ்பீடைக் கூட்டிக் குறைக்கலாம், எல்லா மோட்டாருக்கும் செட் ஆகும்" என்றார் ஒரு கடைக்காரர். முப்பது வருடம் கிண்டி தொழிற்பேட்டையில் குப்பை கொட்டிய நானும் தலையாட்டி வாங்கி வந்தேன். வெட்கம் அதில்தான்.

நம் ராஜகீழ்ப்பாக்கத்தில் ரிட்டயராகி, கார் ஷெட்டில் ஒரு லேத்தோ டிரில்லோ வைத்திருப்பவர்கள் பலர். அவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்தக் குமிழை வாங்காதீர்கள்.

இண்டக்‌ஷன் மோட்டாரின் வேகத்தைத் தீர்மானிப்பது வோல்டேஜ் அல்ல, சைக்கிள். 50 சைக்கிளில் 4 போல் மோட்டார் 1500 சுற்றை ஒட்டி, லோடில் சுமார் 1440 சுற்று ஓடும். குமிழ் வோல்டேஜை மட்டும் குறைக்கிறது. பலம் போகிறது, சூடு ஏறுகிறது. வேகம் ரொம்ப இறங்கினால், உள்ளே இருக்கும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் ஸ்டார்ட்டிங் வைண்டிங்கை மறுபடி சேர்த்துவிடும். சில விநாடிக்கென்று சுற்றிய கம்பி எத்தனை நேரம் தாங்கும்? புகைதான்.

"ஃபேனுக்கு வேலை செய்கிறதே?" என்பார்கள். விசிறிக்கு வேகம் பாதியானால் கால்வாசி முறுக்குவிசை போதும். உளியை எதிர்த்துச் சுற்றும் கட்டைக்கு அந்தச் சலுகை கிடையாது. மிக்சி, கை டிரில், தையல் மெஷின் மோட்டார்களுக்கு எலெக்ட்ரானிக் குமிழ் சரி. அவை கார்பன் பிரஷ் வைத்தவை.

அப்படியானால் வழி? த்ரீ ஃபேஸ் மோட்டாரும் வி.எஃப்.டி.யும். வீட்டு 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸை வாங்கி த்ரீ ஃபேஸாகக் கொடுக்கும் டிரைவ் கிடைக்கிறது. 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் இணைத்த சின்ன மோட்டாரை, ஆறு முனையும் வெளியே இருந்தால், டெல்டாவுக்கு மாற்ற வேண்டும். எர்த் கட்டாயம். ஆஃப் செய்த பிறகும் டிரைவின் கெபாசிட்டரில் கரண்ட் நிற்கும். புத்தகத்தில் போட்டிருக்கும் நேரம் பொறுத்துத்தான் மூடியைத் திறக்கலாம். பழைய கெபாசிட்டர் ஸ்டார்ட் மோட்டாரையே வி.எஃப்.டி.யில் மாட்டிவிடாதீர்கள், அதே சுவிட்ச், அதே கதி.

செலவு அதிகம் என்பீர்கள். உண்மை. அதற்குத்தான் ஸ்டெப் புல்லி இருக்கிறது. பெல்ட்டைக் கழற்றி மாட்ட ஒரு நிமிஷம். வேகம் குறையும்போது பலம் கூடும், அது வி.எஃப்.டி.யிலும் கிடைக்காத லாபம். ரொம்பக் குறைந்த சைக்கிளில் வி.எஃப்.டி.யை நெடுநேரம் ஓட்டினால், மோட்டாரின் சொந்த விசிறி மெதுவாகி அதுவும் சூடாகும்.

எது வேண்டுமானாலும் செய்யுங்கள். ஆனால் கடைக்குப் போகுமுன் மோட்டாரின் நேம் பிளேட்டைப் படித்துவிட்டுப் போங்கள். "என்ன மோட்டார் சார்?" என்று கேட்காமல் குமிழை எடுத்து நீட்டுகிற கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வாருங்கள். நான் அன்று அப்படி வந்திருக்க வேண்டும்.