கருக்கும் சிவப்பு மையும்

போன வாரம் நான் ஒரு தப்பு பண்ணினேன். அதை ஒப்புக்கொண்டுவிட்டே ஆரம்பிக்கிறேன். அப்புறம் மற்றவர்களைத் திட்ட வசதியாக இருக்கும் :)

பகலில் முதலாமாண்டு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். ராத்திரியில் முனைவர் பட்ட ஆய்வு. தலைப்பு, தலித் தன்வரலாறுகளில் கலகக் குரல். கேட்கவே கம்பீரமாக இருக்கிறதல்லவா?

'என் ஊர்' என்று ஒரு கட்டுரை கொடுத்தேன். முக்கால்வாசிப் பேர் நோட்ஸில் இருந்த முன்னுரை, பொருளுரை, முடிவுரையை அப்படியே இறக்கியிருந்தார்கள். ஒரு பெண் மட்டும், மேலத்தெருக் குழாயில் ரெண்டு குடம் தண்ணி பிடிக்கப்போய் அவள் அம்மா வாங்கிய ஏச்சை, அம்மா பேசுகிற மாதிரியே எழுதியிருந்தாள். 'பேச்சு வழக்கு கூடாது' என்று பதினாறு இடத்தில் சிவப்பு மையால் சுழித்து, பத்துக்கு மூன்று போட்டேன்.

அன்று ராத்திரியே ஆய்வேட்டில் எழுதுகிறேன்: பாமாவின் 'கருக்கு' (1992) பேச்சுமொழியில் எழுதப்பட்டதே ஒரு கலகம். அதே கை!

அந்தப் புத்தகம் வந்தபோது சொந்த ஊரிலேயே கோபம் கிளம்பி, சில மாதம் பாமாவால் ஊருக்குள் போக முடியவில்லை. அப்படி வந்த மொழியைப் பாடமாக வைத்து, 'கருக்கின் மொழிநடையை விளக்குக' என்று கேட்கிறோம். பதில் மட்டும் சுத்தமான எழுத்துத் தமிழில் வரவேண்டும். என்ன கொடுமை இது...

2021-ல் டெல்லி பல்கலைக்கழகம் பாமாவையும் சுகிர்தராணியையும் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியபோது கொதித்தோம். கொதிக்க வேண்டியதுதான். ஆனால் அவர்கள் எடுத்தது புத்தகத்தை. நாம் புத்தகத்தை வைத்துக்கொண்டு நாக்கை அறுக்கிறோம்.

"நாளைக்கு வேலைக்கு விண்ணப்பம் எழுத வேண்டாமா?" என்பார்கள். வேண்டும். எழுத்துத் தமிழும் அவளுக்குச் சேரவேண்டிய சொத்துதான். ஆனால் தாசில்தாருக்கு எழுத ஒரு மொழி, அம்மாவைப் பற்றி எழுத ஒரு மொழி. இந்த வித்தியாசத்தைச் சொல்லித் தருவதுதான் எழுத்துப் பயிற்சி. வெறுமனே சுழித்துத் தள்ளுவது போலீஸ் வேலை.

அச்சாகிப் பரிசு வாங்கிய கலகத்தைப் பாராட்ட தைரியமே வேண்டாம். அது கோடு போட்ட தாளில், எழுத்துப் பிழையோடு, நம் மேசைக்கு வரும்போது அடையாளம் தெரிய வேண்டும். எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை அந்தத் தாளைத் திரும்ப வாங்கி மார்க்கைத் திருத்தினேன்.

"அப்ப இது தப்பில்லையா சார்?"

"தப்பு என்னோடதும்மா."

இதை ஆய்வேட்டில் எந்த அத்தியாயத்தில் சேர்ப்பது என்றுதான் புரியவில்லை.