ரத்தாகும் நாளில் தெரியும் விமான நிறுவனத்தின் தரம்

உள்நாட்டுப் பயணத்துக்கு எந்த விமான நிறுவனம் நல்லது என்று உறவினர்களும் நண்பர்களும் கேட்கும்போது, அவர்கள் மனத்தில் இருப்பவை பெரும்பாலும் கட்டணம், கால் நீட்ட இடம், சாப்பாடு. விமான நிலைய இயக்கப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்த நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது வேறு: நீங்கள் போகிற ஊருக்கு அந்த நிறுவனம் ஒரு நாளைக்கு எத்தனை ஃபிளைட் விடுகிறது? உங்கள் ஃபிளைட் ரத்தானால் அடுத்தது எப்போது?

வானம் தெளிவாக இருந்து, எந்திரக் கோளாறும் இல்லாத நாளில் நம் நாட்டு நிறுவனங்களுக்குள் பெரிய வேற்றுமை கிடையாது. சென்னை - டெல்லி தடத்தில் எல்லோரும் ஓட்டுவது ஏர்பஸ் ஏ320 குடும்பத்து விமானம், அல்லது போயிங் 737. ஓடுபாதை ஒன்றே, வழிகாட்டும் கட்டுப்பாட்டு அறையும் ஒன்றே. மூன்று மணி நேரத்துக்கும் குறைவான அந்தப் பயணத்தில் இருக்கை ஒரு அங்குலம் கூடக்குறைய இருந்தால் யாரும் நொந்துபோகப் போவதில்லை. புயலிலோ, விமானி பற்றாக்குறையிலோ, எந்திரப் பழுதிலோ ஒரு நிறுவனம் தன் பயணிகளை எப்படி ஊர் சேர்க்கிறது என்பதில்தான் தரம் இருக்கிறது.

2025 டிசம்பர் முதல் வாரத்தில் நாடே அதைப் பார்த்தது. விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தி, இரவுத் தரையிறக்கங்களுக்கும் கடும் வரம்பு விதித்த புதிய பணிநேர விதிகள் 2024 ஜனவரியிலேயே வெளியானவை. அவை இரண்டு கட்டங்களாக, 2025 ஜூலையிலும் நவம்பரிலும் நடைமுறைக்கு வந்தன. தயாராகப் போதிய காலம் இருந்தும் இண்டிகோவிடம் அதற்கேற்ற அளவில் விமானிகள் இல்லை. டிசம்பர் 5 அன்று மட்டும் அதன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. மற்ற நிறுவனங்களின் கட்டணம் எகிறியது. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய் என்று அரசு உச்சவரம்பு அறிவிக்க வேண்டியிருந்தது.

அந்த நாட்களில் என்னை மிகவும் உறுத்தியது விமான நிலையங்களில் குவிந்துகிடந்த பெட்டிகள் அல்ல. புதிய விதியின் சில பகுதிகளிலிருந்து இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு தரப்பட்டதே. களைத்துப்போன விமானி ஓட்டும் விமானத்தில் ஏற யாருக்கும் மனம் வராது. அந்த விதி பயணிகளின் உயிருக்காக எழுதப்பட்டது. உள்நாட்டுப் பயணிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரை ஒரே நிறுவனம் சுமக்கும்போது அது தடுமாறினால் நாடே தடுமாறுகிறது, பாதுகாப்பு விதியே வளைந்துகொடுக்கிறது. எந்த நிறுவனம் சிறந்தது என்று பேசும்போது இதைத் தள்ளிவைத்துவிட்டுப் பேச முடியாது.

நமக்கு எப்போதுமே தேர்வு இவ்வளவு குறுகலாக இருந்ததில்லை. 1953-இல் விமானத் துறை நாட்டுடைமையானது முதல் நாற்பது ஆண்டுகள் பெரும்பாலும் இந்தியன் ஏர்லைன்ஸ்தான் என்பது உண்மை. 1990-களில் கதவு திறந்ததும் ஜெட் ஏர்வேஸ், ஈஸ்ட் வெஸ்ட், தமானியா, மோடிலுஃப்ட், சென்னையின் என்இபிசி என்று பல பெயர்கள் வந்தன. 2003-இல் ஏர் டெக்கான் வந்து, ரயிலில் ஏசி வகுப்பில் போனவர்களை விமானத்தில் ஏற்றியது. தமிழ்நாட்டிலிருந்து எழுந்த பாரமவுண்ட், எம்ப்ரேயர் விமானங்களில் நடு இருக்கையே இல்லாமல் மதுரைக்கும் கோவைக்கும் பறந்தது, 2010-இல் நின்றுபோனது. கிங்ஃபிஷர் 2012-இல், ஜெட் 2019 ஏப்ரலில், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில். விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்தது. இன்று இண்டிகோவும் டாடாவின் ஏர் இந்தியா குழுமமும் சேர்ந்து பத்துப் பயணிகளில் ஏறக்குறைய ஒன்பது பேரைச் சுமக்கின்றன. மிச்சத்தில் ஆகாசா, ஸ்பைஸ்ஜெட், சில சிறு நிறுவனங்கள்.

இந்த நிலையில் பயணி எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? நிறுவனத்தின் பெயருக்கு முன்னால் புறப்படும் நேரத்தைப் பார்க்கச் சொல்வேன்.

ஒரு விமானம் காலை ஆறு மணிக்குச் சென்னையில் கிளம்பி மதுரை போய்த் திரும்பும். பிறகு கோவை, மறுபடி சென்னை, பிறகு திருச்சி என்று இரவு வரை ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ஊரிலும் அது தரையில் நிற்பது 25, 30 நிமிடம்தான். அதற்குள் பயணிகள் இறங்கி, பெட்டிகள் இறக்கி, எரிபொருள் நிரப்பி, அடுத்தவர்களை ஏற்றியாக வேண்டும். காலையில் இருபது நிமிடம் தாமதமானால் அதை ஈடுகட்ட இந்தச் சுழற்சியில் எங்கும் இடைவெளி இல்லை. தாமதம் ஒவ்வொரு ஊரிலும் கொஞ்சம் கூடி, மாலையில் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். பணிநேரம் முடிந்த விமானி அதற்கு மேல் ஓட்டக் கூடாது. மாற்று விமானி கிடைக்காவிட்டால் இரவுக் கடைசி ஃபிளைட் ரத்தாகும். அந்த ஃபிளைட்டுக்கு டிக்கெட் எடுத்தவருக்குத் தன் பயணம் காலையில் எங்கோ ஓர் ஊரில் குலைந்த செய்தியே தெரியாது.

ஆகவே, இரவு முழுக்க அதே ஊரில் நின்ற விமானம் காலையில் கிளம்பும் முதல் ஃபிளைட்தான் பாதுகாப்பான தேர்வு. சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இது எளிது. சிறிய ஊர்களில் இரவில் விமானம் நிறுத்தப்படாமல் இருந்தால், அங்கே முதல் ஃபிளைட் என்பதே சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வந்து திரும்புவதாக இருக்கும். பயணத்தன்று ஃப்ளைட்ரேடார்24 போன்ற செயலியில் பார்த்தால் உங்களை ஏற்றிப் போகும் விமானம் அப்போது எந்த ஊரில் இருக்கிறது என்பது பல நேரம் தெரிந்துவிடும். ‘சரியான நேரம்’ என்று பலகை காட்டிக்கொண்டிருந்தாலும், வர வேண்டிய விமானம் இன்னும் ஹைதராபாத்தை விட்டே கிளம்பவில்லை என்றால் நீங்களே முடிவுக்கு வந்துவிடலாம்.

அடுத்தது, ஒரே நாளில் உள்ள ஃபிளைட்களின் எண்ணிக்கை. சென்னையிலிருந்து மதுரை, கோவை, திருச்சி, தூத்துக்குடி போன்ற குறுந்தொலைவுகளுக்கு நான் இண்டிகோவைத்தான் சொல்கிறேன். மேலே சொன்ன குறையெல்லாம் தெரிந்தும்தான் சொல்கிறேன். ஒன்று ரத்தானால் அதே நிறுவனத்தின் இன்னொரு ஃபிளைட் அன்றைக்கே இருக்க வாய்ப்பு அதிகம். கூடுதல் காசு கேட்காமல் அதில் ஏற்றிவிடுவார்கள். அதன் ஏடிஆர் விமானங்களில் சத்தம் கொஞ்சம் கூடுதல், வேகம் குறைவு. ஆனால், வரிசைக்கு நான்கு இருக்கைதான். நடுவில் நசுங்க வேண்டியதில்லை. ஓடுபாதை 1,350 மீட்டராக இருந்த காலத்தில் தூத்துக்குடிக்கு விமான சேவை கிடைத்ததே இந்த வகைச் சிறு விமானங்களால்தான். இப்போது அந்த ஓடுபாதை மூன்று கிலோமீட்டராக நீண்டிருக்கிறது, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறக்கப்பட்டுவிட்டது. பெரிய விமானங்கள் இறங்க வழி பிறந்த அந்த ஊருக்கு இரண்டாவது, மூன்றாவது நிறுவனமும் ஊன்றி நின்று போட்டி போட வேண்டும் என்பது என் ஆசை.

டெல்லி, கொல்கத்தா போன்ற நீண்ட தடங்களுக்கு, அதிலும் வயதான பெற்றோரை அழைத்துப் போகும்போது, என் தேர்வு ஏர் இந்தியா. டிக்கெட்டிலேயே சூடான சாப்பாடு அடக்கம். சர்க்கரை நோய் உள்ளவருக்கு மூன்று மணி நேரப் பயணத்தில் அது ஆடம்பரம் ஆகாது. சென்னையிலிருந்து நேரடி ஃபிளைட் இருக்கும் தடங்களில் ஆகாசாவையும் பாருங்கள். எல்லாம் புதிய 737 மேக்ஸ் விமானங்கள். ஆனால், அவர்களிடம் விமானங்களின் எண்ணிக்கை குறைவு, மாற்று ஃபிளைட்டும் குறைவு. பணநெருக்கடியில் இருப்பதாகச் செய்தி அடிபடும் நிறுவனத்தில் ஆறு மாதம் முன்கூட்டி டிக்கெட் எடுக்காதீர்கள். கோ ஃபர்ஸ்ட் முடங்கியபோது முன்பதிவு செய்தவர்களின் பணம் திவால் வழக்கில் போய்ச் சிக்கிக்கொண்டது.

கல்யாணம், விசா நேர்காணல், தேர்வு என்று தவறவே கூடாத பயணத்துக்கு முந்தின நாளே கிளம்பிவிடுங்கள். மாநிலத்துக்குள் என்றால் ரயிலையும் யோசியுங்கள். சென்னை - கோவை வந்தே பாரத் ஆறு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுகிறது. மீனம்பாக்கத்துக்குப் போகும் நேரம், அங்கே காத்திருக்கும் நேரம், பீளமேட்டிலிருந்து வீடு சேரும் நேரம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் விமானத்தில் மிச்சமாவது சொற்பம்.

வெளியாள் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வேற்றுமை உண்டு. எனக்கு அதுதான் பெரிது. ரத்தாகும் நேரத்தில் கவுண்டரில் இருக்கிற ஊழியருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் உண்டா? தென்மாவட்ட நிலையம் ஒன்றில் மாலைக் கடைசி ஃபிளைட் ரத்தான ஓர் இரவு எனக்கு மறக்காது. தந்தை இறந்த செய்தி கேட்டுச் சென்னைக்குக் கிளம்பிய பெண் ஒருவர் கவுண்டர் முன் நின்றார். விடிவதற்குள் அவரைச் சென்னை சேர்க்க ஒரு டாக்ஸி போதும். அதற்கு அனுமதி கேட்டுத் தலைமையகத்துக்கு மாற்றி மாற்றி போன் போட்டுக்கொண்டிருந்தார் அந்த இளம் ஊழியர், பதில் வரவில்லை. பக்கத்துக் கவுண்டர் நிறுவனத்தின் மேலாளரோ தன் பயணிகளுக்குப் பத்து நிமிடத்தில் வண்டி ஏற்பாடு செய்துவிட்டு, காலியாக இருந்த ஓர் இடத்தில் இந்தப் பெண்ணையும் ஏற்றி அனுப்பினார். இரண்டு நிறுவனங்களின் டிக்கெட் விலையிலும் நூறு ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. அந்த மேலாளருக்கு அவருடைய நிறுவனம் தந்திருந்த அதிகாரம்தான் வித்தியாசம்.

கேட்டு வாங்கத் தெரியாததால் பலர் இழப்பது அதிகம். விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் விதிப்படி, இரண்டரை மணி நேரத்துக்கு உட்பட்ட பயணம் இரண்டு மணி நேரம் தாமதமானால் சாப்பாடோ சிற்றுண்டியோ தர வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் போனால் மாற்று ஃபிளைட் அல்லது முழுப் பணம். எது வேண்டும் என்று சொல்வது பயணியின் உரிமை. உரிய நேரத்தில் தெரிவிக்காமல் ரத்து செய்தால், பயண நேரத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 ரூபாய் வரை வரம்புள்ள இழப்பீடும் உண்டு. புயல் போன்ற காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை விமான நிலையமே மூடப்பட்டது போன்ற நாட்கள் அப்படிப்பட்டவை. அப்போதும் ரத்தான டிக்கெட்டின் பணத்தைக் கேட்டு வாங்கலாம். ஒன்று கவனம்: தூத்துக்குடி - சென்னை, சென்னை - டெல்லி என்று இரண்டு டிக்கெட்டைத் தனித்தனியாக எடுத்தால், முதல் ஃபிளைட் தாமதமாகி இரண்டாவது தவறியதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். சில நூறு ரூபாய் கூடினாலும் ஒரே பிஎன்ஆர் எண்ணில் எடுங்கள்.

பயணி இவ்வளவு துப்புத் துலக்கித் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதே நியாயமில்லை. தலைமை இயக்ககம் மாதந்தோறும் அறிக்கை வெளியிடுகிறது. நேரந்தவறாமை அதில் உண்டு. ஆனால், ஒருசில பெருநகர நிலையங்களை வைத்துத்தான் அது கணக்கிடப்படுகிறது. மதுரைக்காரருக்கும் சேலத்துக்காரருக்கும் அதனால் பயனில்லை. அட்டவணையில் பயண நேரத்தையே கொஞ்சம் நீட்டிப் போட்டுக்கொண்டால் தாமதமாகக் கிளம்பிய விமானமும் ‘சரியான நேரத்தில்’ வந்துசேர்ந்துவிடும் என்பது துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. அமெரிக்காவில் ஒவ்வொரு பெரிய நிறுவனத்தின் ஒவ்வொரு ஃபிளைட்டும் எத்தனை முறை தாமதமானது, ரத்தானது என்பதை அரசின் போக்குவரத்துப் புள்ளிவிவரப் பிரிவு வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். இங்கும் அந்த விவரம் நிறுவனங்களிடம் நாள்தோறும் பதிவாகிக்கொண்டுதான் இருக்கிறது. தடம் வாரியாக, ஃபிளைட் எண் வாரியாக, தூத்துக்குடி, சேலம் உட்பட எல்லா நிலையங்களுக்கும் மாதந்தோறும் அதை வெளியிட வேண்டும். டிக்கெட் எடுக்கும் பக்கத்தில் கட்டணத்துக்குப் பக்கத்திலேயே, கடந்த மூன்று மாதங்களில் இந்த ஃபிளைட் எத்தனை முறை ரத்தானது என்ற எண்ணும் இருக்க வேண்டும். அதற்கு உத்தரவிடும் அதிகாரம் தலைமை இயக்ககத்திடம் இருக்கிறது. அடுத்த கோடைக்கால அட்டவணைக்கு ஒப்புதல் தரும் முன் அது அதைச் செய்யட்டும்.

- கட்டுரையாளர், விமான நிலைய இயக்கப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்.