மரபு: பூசலுக்கா, அமைதிக்கா?

ஒரு நாட்டின் பழங்கலையும் பழம்பெருமையும் அந்நாட்டு இளையோர் கையில் கொலைக்கருவியாகவும் கூடும். புண்ணாற்றும் மருந்தாகவும் கூடும். எதுவாகும் என்பது, அவர்கள் அம் மரபை எங்ஙனம் கைக்கொள்கின்றனர் என்பதைப் பொறுத்தது. 'இஃது எம்முடைமை' என்று உரிமை பேசுவது ஒரு வகை. உடலும் குரலும் வருந்தப் பயின்று காப்பது மற்றொரு வகை. முன்னது எளிது, பின்னது அரிது. இவ் விரண்டின் விளைவுகளையும் அறிய விரும்புவார்க்குக் கம்போடிய நாடொன்றே போதிய சான்றாகும்.

1975 ஏப்பிரல் 17-இல் தலைநகர் பினோம்பென்னைக் கைப்பற்றிய கெமர் உரூசுப் படையினர், 1979 சனவரி 7 வரை அந் நாட்டை ஆண்டனர். அதற்குள் ஏறத்தாழ 17 இலக்கம் மக்கள் கொலையாலும் பசியாலும் நோயாலும் மாண்டனர். பழைய குமுகாயத்தின் எச்சங்கள் எனக் கருதப்பட்டு ஆசிரியரும் ஆடன்மகளிரும் பாணரும் அழிக்கப்பட்டனர். கலைஞருள் பத்தில் ஒன்பதின்மர் மடிந்தனர் என்பர். ஏட்டில் ஏறாத கலை ஆசானின் உடலிலும் தொண்டையிலுமே வாழ்வது. ஆசான் மாண்டால் அதுவும் உடன் மாளும். எனவே அக் கொலை மாந்தர்க் கொலை மட்டுமன்று. பல நூற்றாண்டுக் கல்வியின் கொலையுமாகும்.

எஞ்சிய சிலர் என் செய்தனர்? சிறுமியாய் இருந்தபோதே அரண்மனையில் ஆடல் பயின்றவர் சியா சாமி அம்மையார். கொடுங்கோலன் போல் போட்டின் தமையனுக்கு வாழ்க்கைப்பட்டவரும் அவரே. அவ் வுறவு அவரைக் காக்கவில்லை. மற்றையோரைப் போல் அவரும் நகரினின்று துரத்தப்பட்டு வயற்காட்டில் உழைத்தார். ஆட்சி வீழ்ந்தபின், தாய்தந்தையரை இழந்த பிள்ளைகளைக் கூட்டி வைத்து, விரல் வளைவும் அடிவைப்பும் ஒவ்வொன்றாகக் கற்பித்தார். தம் கொழுந்தன் அழித்ததை அம்மையார் மீண்டும் நட்டார். அந் நாற்றைத் தாங்கிய நிலம் இளையோரே.

தாய்லாந்து எல்லையில் அமைந்த ஏதிலியர் குடியிருப்பில், 1986 முதல் பிரஞ்சு ஆசிரியை ஒருவர் சிறுவர்க்கு ஓவியம் கற்பித்தார். தாம் கண்ட கொடுமைகளை அச் சிறுவர் வாயாற் சொல்ல இயலாது கோட்டிலும் வண்ணத்திலும் வெளியிட்டனர். அவருள் ஒன்பதின்மர் நாடு திரும்பி, 1994-இல் பட்டம்பாங் நகரில் ஒரு பள்ளியை நிறுவினர். 'கலையொளி' எனப் பொருள்படும் பெயர்கொண்ட அப் பள்ளியில் ஓவியம், இசை, கூத்து ஆகியவற்றோடு கழைக்கூத்தும் கற்பிக்கப்படுகின்றது. 2013 முதல் சியெம் ரீப்பு நகரில் அப் பள்ளி மாணவர் நிகழ்த்தும் அரங்கின் வருவாய் பள்ளிக்கு உதவுகின்றது.

ஆர்ன் சோர்ன் போண்டு என்பவர், சிறுவனாய் இருந்தபோது அக் கொடியவர்க்காகக் குழலிசைக்குமாறு வற்புறுத்தப்பட்டவர். பின்னர்ப் போர்முனைக்கும் தள்ளப்பட்டவர். அமெரிக்காவில் வளர்ந்து மீண்ட அவர், எஞ்சிய முதுகலைஞரைத் தேடிக் கண்டு இளையோர்க்கு ஆசான்களாக்கும் பணியை 1998-இல் தொடங்கினார். அத் தேட்டத்திற்குக் காலம் குறைவு. இருநரம்புக் கருவியான சாப்பெய்யை மீட்டிப் பாடும் கலையை, விரைந்து காக்கத்தக்க கலைகளின் பட்டியலில் யுனெசுக்கோ 2016-இல் சேர்த்தது. அக் கலையில் வல்லவரான கண்ணிழந்த பாடகர் கோங் நாய், 2024-இல் மறைந்தார். அவர்பாற் கற்றோர் இருப்பதனாலேயே அப் பாட்டு இன்றும் ஒலிக்கின்றது.

இவற்றால் அமைதி எங்ஙனம் விளையும்? கொன்றார் மக்களும் கொல்லப்பட்டார் மக்களும் ஒரே ஊரில் வாழ வேண்டிய நாடு அது. பெருங்குற்றங்களை ஆராய அமைத்த முறைமன்றம், 2022-இல் தன் வழக்குகளை முடித்தபோது, தண்டிக்கப்பட்டோர் மூவரே. முறைமன்றம் குற்றத்தை நிறுவும். அண்டை வீட்டாரை ஒருவரையொருவர் நம்பச் செய்ய அதனால் இயலாது. ஒருவன் தோள்மேல் ஒருவன் ஏறிநிற்கும் கழைக்கூத்திலோ, கீழே நிற்பவனை நம்பாதவன் வீழ்வான். நாள்தோறும் செய்யும் அப் பயிற்சியே நம்பிக்கையை உடலுக்குக் கற்பிக்கின்றது.

இனி, மற்றொரு பக்கத்தையும் காண்க. அங்கோர்க் கோயில் தாய்லாந்திற்குரியது என ஒரு நடிகை கூறினார் என்னும் பொய்ச்செய்தி பரவ, 2003 சனவரியில் பினோம்பென்னில் தாய்லாந்துத் தூதரகம் எரியூட்டப்பட்டது. எல்லைக் குன்றின் மேலுள்ள பிரியா விகார்க் கோயில் கம்போடியாவிற்கே உரியது என 1962-இல் அனைத்துநாட்டு முறைமன்றம் தீர்ப்பளித்தது. 2008-இல் அஃது உலக மரபுச் செல்வமாக அறிவிக்கப்பட்டதும் பூசல் மூண்டு, 2011 வரை நீண்டது. 2025 சூலையில் ஐந்து நாளும், மீண்டும் திசம்பரிலும், பழங்கோயில்களை அடுத்த எல்லையில் குண்டுகள் பொழிந்தன, பல்லாயிரவர் வீடிழந்தனர். கோயிலைக் கட்டிய கைகள் எவ்வாறு கல்லைச் செதுக்கின என்று வினவாதவரும், அக் கல்லுக்காக உயிரை வாங்க முன்வந்தனர்.

உண்மை யாது? கெமர் எழுத்து, பல்லவர் காலத்தில் தென்னாட்டினின்று கடல் கடந்து சென்ற எழுத்தின் வழித்தோன்றல். தாய்லாந்து எழுத்தோ கெமர் எழுத்தினின்று கிளைத்தது. இரு நாட்டு அரண்மனை ஆடல்களும் ஒன்றினின்று ஒன்று கொண்டும் கொடுத்தும் வளர்ந்தவை. மரபைப் பயின்றவன் இவ் வழித்தடத்தைத் தன் தொழிலிலேயே காண்பான். அதனை வெறும் உடைமையாகக் கொண்டவன் எல்லைக் கோட்டை மட்டுமே காண்பான்.

ஆடல் பீரங்கியைத் தடுக்குமோ எனின், தடுக்காது; 2025-இல் தடுக்கவுமில்லை. ஆயினும், போர் ஓய்ந்த பின்னர் மாந்தரை மாந்தராக்கும் பணி எஞ்சி நிற்கும். அதனைச் செய்ய வல்லார் பயின்றாரே. மரபின் பெயரால் முழங்குவார் எந்நாட்டிலும் பலர். அவர்தம் பிள்ளைகளுள் எத்துணைப் பேர் ஒரு முதிய கலைஞரின் முன் அமர்ந்து ஒரு பாட்டையேனும் முழுதுறக் கற்றனர் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ் வெண்ணிக்கையே ஒரு மரபின் உண்மையான வலிமை. முதியோர் உள்ளபோதே இளையோர் அவர்பாற் செல்க!