"வொலன்டியர் டீச்சர்" என்று ஒரு பிள்ளையை எத்தனை வருடம் வைத்திருப்பது?

கொஞ்சம் நீளமான பதிவு. பட்டம் முடித்த பிள்ளை வீட்டில் இருக்கிறவர்களும், பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களில் இருக்கிறவர்களும் கடைசி வரை வாசித்தால் நல்லது.

தவணை தொடங்கினால் எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் நடக்கிற காரியம் ஊருக்கே தெரியும். ஒரு டீச்சர் பிரசவ லீவில் போவார். ஒரு சேர் இடமாற்றம் எடுத்துக்கொண்டு போவார், பதிலுக்கு ஆள் வராது. அதிபர் ஊருக்குள் விசாரிப்பார்: "கணிதம் செய்த பிள்ளைகள் ஆராவது சும்மா இருக்காங்களா?" ஒலுவிலில் பட்டம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற ஒரு தங்கச்சி திங்கட்கிழமை காலையில் வந்து வகுப்பெடுப்பார். கடிதம் இல்லை. எத்தனை மாதம் என்ற பேச்சும் இல்லை. மாதம் முடிய சங்கத்தின் காசில் ஏதோ ஒரு தொகையை என்வலப்பில் போட்டுக் கொடுப்பார்கள். அதோடு அவருக்கு "வொலன்டியர் டீச்சர்" என்ற பெயரும் வந்துவிடும்.

படித்து முடித்த கையோடு இப்படிப் பதிலுக்கு நின்று படிப்பிப்பது நல்ல ஆரம்பமா என்று பல பெற்றோர் எங்களிடம் கேட்கிறார்கள். நல்ல ஆரம்பம்தான். அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் பின்னால் நிறையக் குறை சொல்லப் போகிறோம்.

அட்டாளைச்சேனை, தர்கா நகர் போன்ற கல்வியியற் கல்லூரிகளுக்குப் போகிற பிள்ளைக்கு இரண்டு வருடம் விடுதியில் படிப்பு, மூன்றாவது வருடம் ஒரு பாடசாலையில் கட்டுறு பயில்வு. அந்த ஒரு வருடமும் அவரைப் பார்க்க, திருத்த, குறிப்பெழுத ஆட்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் பட்டம் செய்த பிள்ளைக்கு இது கிடைப்பதில்லை. பொருளியலோ அரபோ நன்றாகத் தெரியும். ஆனால் இடைவேளை முடிந்து வியர்வையோடு உள்ளே வருகிற எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளை எப்படி உட்கார வைப்பது என்று எந்தப் பீடத்திலும் சொல்லிக்கொடுப்பதில்லை. கரும்பலகையில் எழுதும்போது உடம்பைக் கொஞ்சம் சரித்து நிற்கவேண்டும், முழு முதுகையும் காட்டினால் பின் வாங்கு கலைந்துவிடும். "விளங்கிச்சா?" என்று கேட்டால் நாற்பது பேரும் "ஓம் டீச்சர்" என்பார்கள், ஒருவருக்கும் விளங்கியிருக்காது. ஒரே பாடத்தை 8A இல் எடுத்த மாதிரி 8C இல் எடுத்தால் அது பாடமே இல்லை. இவையெல்லாம் ஒரு தவணை நின்று எடுத்தால்தான் வரும். தனக்கு இந்தத் தொழில் ஒத்துவருமா என்பதும் அப்போதுதான் தெரியும். ஒத்துவராது என்று மூன்று மாதத்தில் தெரிந்துகொள்வதும் லாபம்தான், முப்பது வருடம் வெறுப்போடு நிற்கிறவர்களை நாங்கள் பார்க்கிறோமே.

இனிக் குறைக்கு வருகிறோம்.

ஆசிரியர் லீவில் போவதை எங்கள் கல்வி நிர்வாகம் ஒவ்வொரு தடவையும் எதிர்பாராத ஒன்றாகப் பார்க்கிறது. நாட்டின் ஆசிரியர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் பெண்கள். ஒரு பிரசவத்துக்கு முழுச் சம்பளத்தோடு 84 நாள் லீவு, அதில் சனி, ஞாயிறு, பொது விடுமுறை கணக்கில் இல்லை. அதாவது பதினாறு, பதினேழு கிழமை. ஒரு தவணையை விட அதிகம். அதற்குமேல் அரைச் சம்பளத்தில் இன்னும் 84, சம்பளமில்லாமல் இன்னும் 84 நாள் எடுக்கலாம். அது அவர்களுடைய உரிமை, அதை யாரும் குறை சொல்லக்கூடாது. ஆனால் மாதக்கணக்கில் முன்கூட்டியே தெரிகிற ஒரு லீவுக்குப் பதில் ஆள் அனுப்ப வலயத்தில் ஏற்பாடு இல்லை. இருக்கிற ஆசிரியர்களுக்கு ரிலீஃப் போடுவார்கள். ரிலீஃப் பாடத்தில் என்ன நடக்கிறது என்று உங்கள் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள்.

2022 இல் இது இன்னும் மோசமானது. ஓய்வு வயது 60 ஆக்கப்பட்டதால் அந்த வருட முடிவில் அனுபவமுள்ள பலர் ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள். சம்பளமில்லாத லீவில் ஐந்து வருடம் வரை வெளிநாடு போகலாம் என்ற சுற்றறிக்கையும் அதே வருடம் வந்தது, அதில் போனவர்களும் இருக்கிறார்கள். அந்த இடைவெளியை நிரப்பியதில் பெரிய பங்கு நாங்கள் "வொலன்டியர்" என்று கூப்பிடுகிற பிள்ளைகளுடையது. அவர்கள் ஒரு கிழமை வராமல் விட்டால் எத்தனை வகுப்பு வெறுமையாகும் என்று எந்த அதிபரிடமும் கேளுங்கள்.

அவர்களுக்கு நாங்கள் கொடுப்பது என்ன? எங்களுக்குத் தெரிந்த இடங்களில் ஐயாயிரம், எட்டாயிரம், கூடினால் பத்தாயிரம். தூரத்திலிருந்து வருகிற பிள்ளைக்கு ஓட்டோக் காசுக்கே சரியாகப் போகும். அதுவும் சங்கத்தில் காசு இருந்தால்தான். இதில் எங்கள் சமூகத்துக்கே உரிய ஒரு வெட்கக்கேடும் உண்டு. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்புக்கு லீவு விடுகிறோம். "படிப்பிக்காத மாதத்துக்கு எப்படிக் கொடுப்பது?" என்று அந்த மாதக் கொடுப்பனவைப் பல இடங்களில் நிறுத்திவிடுகிறார்கள். நிரந்தர ஆசிரியர்களான நாங்கள் நோன்பு மாதச் சம்பளத்தையும் பெருநாள் முற்பணத்தையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறோம். எங்களோடு ஒரே ஆசிரியர் அறையில் இருந்து, எங்களை விடக் கூடுதலான பாடம் எடுத்த பிள்ளை பெருநாளைக்கு வெறும் கையோடு இருக்கிறது. செய்த வேலைக்குக் கூலியைத் தாமதிக்காதே என்று சொல்லுகிற மார்க்கத்தில் இருந்துகொண்டு இதைச் செய்கிறோம்.

காசை விடப் பெரிய பிரச்சினை காலம். ஒரு தவணைக்கு என்று வந்த பிள்ளையை லீவில் போன டீச்சர் திரும்பி வந்த பிறகும் விடுவதில்லை. "ஆங்கிலத்துக்கும் ஆள் இல்லை, கொஞ்சம் பாருங்க தங்கச்சி." பிறகு நூலகம். பிறகு மீலாத் விழா, விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு. மறுக்க வாய் வராது. என்றைக்காவது நியமனம் வந்தால் இந்தச் சேவை கணக்கில் வரும் என்று யாரோ சொல்லி வைத்திருப்பார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி இப்படி ஆறு வருடம் நின்றார். அவர் படிப்பித்த பிள்ளைகளில் இருவர் இப்போது பல்கலைக்கழகத்தில். அவர் நேர்முகத் தேர்வுக்குப் போனபோது அந்த ஆறு வருடத்துக்கு ஒரு துண்டுக் கடிதம்கூடக் கையில் இல்லை. போட்டிப் பரீட்சைக்குப் படிக்க நேரமும் இருக்கவில்லை. ஆசிரியர் சேவைக்கு விண்ணப்பிக்க வழக்கமாக வயதெல்லை 35. சில அழைப்புகளில் கூட்டிக் கொடுக்கிறார்கள்தான், ஆனால் அதை நம்பி வயதை விடுவது சரியா?

இந்த ஏமாற்றம் புதிதுமில்லை. யுத்த காலத்தில் வடக்கு கிழக்கில் பாடசாலைகள் மூடப்படாமல் நின்றதற்குத் தமிழ், முஸ்லிம் தொண்டர் ஆசிரியர்கள் ஒரு முக்கியக் காரணம். அவர்களில் ஒரு பகுதியினரைக் கட்டம் கட்டமாக உள்வாங்கினார்கள். மற்றவர்கள் வருடக்கணக்கில் அலுவலகங்களின் வாசலில் பதாகையோடு இருந்தார்கள். யார் உண்மையில் படிப்பித்தார், யாருடைய பெயர் பிறகு சேர்க்கப்பட்டது என்ற சண்டை வந்தபோது வரவுப் பதிவேடும் சம்பவத் திரட்டுப் புத்தகமும்தான் சாட்சி. பெயர் எழுதப்படாதவருக்குச் சாட்சியே இல்லை. மலையகத்தில் ஏறத்தாழ 3,000 பேரை உதவி ஆசிரியர்களாக எடுத்து மாதம் 6,000 ரூபாவும் பிறகு 10,000 ரூபாவும் கொடுத்து நிற்க வைத்ததும் நினைவிருக்கும். 2020 இல் 20,000 ரூபா கொடுப்பனவில் பயிலுநர்களாக எடுக்கப்பட்டு, பின்னர் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் ஆக்கப்பட்ட பட்டதாரிகளில் பலர் பாடசாலைகளில் முழுநேரமாகப் படிப்பித்தும், ஆசிரியர் சேவைக்குள் எடுங்கள் என்று கொழும்பில் ஆர்ப்பாட்டம் செய்யவேண்டி வந்தது. பெயர் மாறுகிறதே தவிர, ஆசிரியர் வேலையை ஆசிரியர் அல்லாத விலைக்கு வாங்குகிற பழக்கம் மாறவில்லை.

இங்கிலாந்தில் இந்தப் பதில் வேலைக்கு "சப்ளை டீச்சிங்" என்று பெயர். லண்டனில் உறவினர் இருக்கிறவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கேயும் முறைப்பாடு உண்டு, முகவர் நிறுவனங்கள் தங்கள் பங்கை வெட்டிக்கொள்கின்றன, இன்றைக்கு வேலை, நாளைக்கு இல்லை. ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. புதிதாகத் தகுதி பெற்றவர் ஒரே பாடசாலையில் ஒரு தவணையோ அதற்கு மேலோ நின்றால் அதை அவருடைய ஆரம்பப் பயிற்சிக் காலத்தில் சேர்க்கலாம். 2021 செப்டம்பரிலிருந்து அந்தக் காலம் இரண்டு வருடம். அதை முடிக்காமல் குறுகிய காலப் பதில் வேலையையே செய்துகொண்டிருக்க ஐந்து வருடம்தான் எல்லை. முகவர் மூலம் வந்தவர் ஒரே இடத்தில் 12 கிழமை நின்றால், அங்கே நேரடியாக எடுக்கப்பட்டவருக்குக் கிடைக்கிற ஊதியம் அவருக்கும் கிடைக்கவேண்டும். எங்கள் நாட்டில் அப்படி ஒரு சட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லாத சில காரியங்கள் உண்டு.

முதலாவது கடிதம். இன்ன பாடம், இன்ன வகுப்பு, இன்ன திகதியிலிருந்து இன்ன திகதி வரை, மாதம் இவ்வளவு என்று சங்கத்தின் பெயரில் அதிபர் கையெழுத்திட்டு ஒரு பக்கம். சில அதிபர்கள் பயப்படுகிறார்கள், கடிதம் கொடுத்தால் நாளைக்கு நிரந்தரம் கேட்பார்கள் என்று. முடிவுத் திகதி போட்ட கடிதம் அந்தப் பயத்துக்கும் மருந்துதான். கடிதம் இல்லாமல் ஆறு வருடம் வைத்திருப்பதுதான் பிற்காலத்தில் வழக்காகும்.

அடுத்தது, பக்கத்தில் ஒரு மூத்த ஆசிரியர். புதிய பிள்ளையின் பாடக்குறிப்பைக் கிழமைக்கு ஒரு தடவை பார்த்து, மாதத்துக்கு இரண்டு பாடத்தில் பின் வாங்கில் உட்கார்ந்து கவனித்தால் போதும். இதை நாங்கள், அதாவது நிரந்தரமாக இருக்கிறவர்கள், செய்யவேண்டும். சாதாரண தர வகுப்பை அவர் தலையில் தனியாகப் போட்டுவிட்டு, பெறுபேறு வந்த அன்று "வொலன்டியர் டீச்சர் எடுத்த பாடம்தானே" என்று கையை விரிப்பது நியாயமில்லை.

கொடுப்பனவு நோன்பு லீவுக்கும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கப்படவேண்டும். காசு எங்கே என்று கேட்பீர்கள். கட்டிடத்துக்கு நிறம் பூச, நுழைவாயில் வளைவு கட்ட, பழைய மாணவர்களிடமும் கட்டாரில் இருக்கிற தம்பிமாரிடமும் எவ்வளவு சேர்க்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். வளைவில் பெயர் பொறிக்கலாம், ஒரு தங்கச்சியின் பெருநாள் மாதக் கொடுப்பனவில் பெயர் பொறிக்க முடியாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

தம்பி, தங்கச்சிமாருக்கு: கேட்டால் போங்கள், ஆனால் கடிதத்தோடு போங்கள். ஒரு பாடசாலையில் ஒரு வருடத்துக்கு மேல் வேண்டாம், எல்லாமாக இரண்டு வருடத்துக்கு மேல் வேண்டவே வேண்டாம். போட்டிப் பரீட்சைக்குப் படிக்கக் கிழமையில் ஒரு நாளை முதலிலேயே கேட்டு வாங்குங்கள். நேரசூசியின் பிரதியையும் நீங்கள் எழுதிய பாடக்குறிப்பையும் பத்திரமாக வையுங்கள். நிரந்தர ஆசிரியருக்குக் கொடுக்கிறதை விடக் கூடுதலான பாடம் தந்தால் மரியாதையாக மறுக்கலாம், அது அடக்கமில்லாத செயல் ஆகாது.

பெற்றோருக்கு ஒன்று. சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்கு வந்து பெரும்பாலும் சந்தாவைப் பற்றித்தான் சத்தம் போடுகிறோம். இந்த முறை கணக்கறிக்கையில் தொண்டர் ஆசிரியர் கொடுப்பனவு என்ற வரியைத் தேடுங்கள். எத்தனை பேர், எத்தனை மாதம், கடைசியாகக் கொடுத்தது எந்த மாதம் என்று எழுந்து கேளுங்கள். உங்கள் பிள்ளைக்குக் கணிதம் எடுக்கிறவரின் விடயம் அது.

கடிதத்தின் மாதிரி ஒன்றை நாங்கள் சிலர் சேர்ந்து எழுதி வைத்திருக்கிறோம், ஒரு பக்கம்தான். வேண்டிய அதிபர்களும் சங்கச் செயலாளர்களும் இன்பொக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறோம். நோன்பு லீவு விட முதல் கொடுத்துவிட்டால் வசதி.