மூஞ்சூறு எலி இல்லீங்க

பண்பொழியில் எங்க தெருவில் நேற்று ஒரு மூஞ்சூறை எலின்னு நினைச்சு வாரியலால் ஒரே போடு போட்டார்கள். மனசு கேட்கலை, அதான் இந்தப் பதிவு.

மூஞ்சூறு எலிச் சாதியே இல்லை. முள்ளெலிதான் அதுக்குச் சொந்தக்காரன். எலிக்கு இருக்கிற, ஓயாமல் வளரும் உளிப்பல் இதுக்குக் கிடையாது. தின்பது கரப்பான், பூச்சி, புழு. எடை பெரும்பாலும் 100 கிராமுக்குள்தான். இதே இனத்து எட்ருஸ்கன் மூஞ்சூறு சுமார் 2 கிராம்தான்!

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் இதே மூஞ்சியோடு, 30, 40 கிராமில் ஒரு பிராணி உண்டு. அதுவோ கங்காரு வகையறா! ஆக, உருவத்தை வச்சு உறவு சொல்ல முடியாது.

நாத்தம் அடிக்கும், உண்மைதான். கதவைத் திறந்துவிட்டால் சுவரோரமாகவே போயிடும். பிள்ளையார் வாகனம்னு கோயில்ல கும்பிடுறோம், வீட்டுக்குள்ள வந்தா அடிக்கணுமா? நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி.