வரைபடம் வராததற்கு யார் பொறுப்பு?

ஓட்டப்பயிற்சிச் செயலியில் வரைபடம் வரவில்லை, வெறும் சாம்பல் கட்டம்தான் தெரிகிறது. உடனே எல்லோரும் சொல்லும் வைத்தியம்: "நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள்". இதைவிட மோசமான யோசனை கிடையாது! சர்வருக்குப் போய்ச் சேராமல் போனிலேயே இருக்கும் ஓட்டங்களும் சேர்ந்து அழிந்துவிடும்.

ஓடிய பாதை வேறு, பின்னால் தெரியும் வரைபடம் வேறு. பாதையைத் தருவது ஜிபிஎஸ். இணையம் இல்லாமலும் அது பதிவாகும். வரைபடமோ சின்னச் சின்னச் சதுரப் படங்களாக இன்னொருவர் சர்வரிலிருந்து வருவது. அந்தக் கதவு மூடிவிட்டால் எத்தனை முறை நிறுவி என்ன பயன்? 2016 ஜூலையில் மேப்குவெஸ்ட் தன் படத்துண்டுகளை நேரடியாக எடுக்க முடியாமல் செய்தது. 2018-ல் கூகுள் கட்டணக் கணக்கோடு இணைந்த சாவி கேட்டது. சாவி இல்லாத வலைவரைபடங்கள் இருண்டுபோயின. நன்கொடையில் ஓடும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்போ, தான் யாரென்று சொல்லாத செயலிகளைத் தடுக்கிறது (அதில் நியாயமும் இருக்கிறது). இதெல்லாம் செயலியை எழுதியவர் பார்க்க வேண்டிய வேலை. "வரைபடச் சேவை மறுக்கப்பட்டது" என்று ஒரு வரி காட்ட என்ன கஷ்டம்? "உங்கள் இணைப்பைச் சரிபாருங்கள்" என்று பழியைப் பயனர் தலையில் கட்டுவதுதான் சுலபமாக இருக்கிறது.

அதே போனின் உலாவியில் வேறொரு வரைபடத் தளம் திறக்கிறதென்றால் இணைப்பில் பெரும்பாலும் கோளாறில்லை. ஓட்டங்களை ஜிபிஎக்ஸ் கோப்பாக எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் செயலிக்காரரிடம் சண்டைக்குப் போகலாம்.